மலைக்கு முன்னால் ஒரு கிணறு

வடமதுரை பஸ் நிறுத்தத்தில் நானும் மனைவியும் இறங்கியபோது வெயில் இன்னும் முழுதாய் விழித்திருக்கவில்லை. தூரத்தில் மலை, நீலமாய், வா வா என்று. அடுத்த வாரம் ஏற அனுமதி வாங்கியாகிவிட்டது. வழிதான் முடிவாகவில்லை.

போன தடவை போன் காட்டிய வழியை நம்பி, உச்சிவேளை வரை முள்ளுக்குள் சுற்றினோம். தண்ணீர் தீர்ந்தது. "இன்னொரு தடவ வழி தப்புச்சு, அப்பறம் நீங்களே ஏறிக்கங்க. நான் வரல" என்றாள். அவள் இல்லாமல் எனக்கு மலை வெறும் கல்.

அதனால்தான் இந்தச் சோதனை. கையில் மூன்று வரைபடம். மூன்றிலும் வழி இந்த நிறுத்தத்தில்தான் தொடங்குகிறது. அடிவாரம் வரைக்கும் நடந்து பார்ப்பது. சமவெளியிலேயே பொய் சொல்லும் படம் மலையில் என்ன சொல்லும்?

போன் மல்லிகைத் தோட்டத்துக் கம்பிவேலிக்குள் போகச் சொன்னது. பழைய அச்சுப் படத்தின் வண்டிப்பாதையை நாலுவழிச் சாலை விழுங்கியிருந்தது. மூன்றாவது, யாரோ நடந்து நடந்து பென்சிலால் வரைந்ததன் நகல். அதில் ஒரு கிணறு, பக்கத்தில் இரட்டை வேம்பு.

பூப் பறித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "என்னப்பு, பேப்பரும் கையுமா? ரோடு போட அளக்க வந்தீகளா? எந்தோட்டம் போயிருமா?"

"இல்லக்கா, மலை ஏறப் போறோம்" என்றாள் மனைவி.

"மலை அம்புட்டுத் தூரத்துல கெடக்கு. இங்க என்னத்தத் தேடுறீக?"

"கெணத்த."

"ஏறப்போறது மலை, தேடுறது கெணறா! நல்லா இருக்கு போங்க." சிரித்தபடி வேலியோரம் கைகாட்டினார்.

ஓடினேன். இந்த வயதில் ஓடினேன்! இரட்டை வேம்பு. அடியில் கிணறு. வேம்புக்கு அப்பால், பென்சில் வளைந்த அதே இடத்தில் பாதையும் வளைந்தது. அதைப் பிடித்து அடிவாரத்துப் பாறை வரை போனோம். ஓரிடத்திலும் பிசகவில்லை.

"இதுதான்! இதேதான்!" என்று கத்தினேன்.

அவள் அவசரப்படவில்லை. படத்தை வாங்கி, மலையின் மேற்பாதிக்கு விரலைக் கொண்டுபோனாள். அங்கே கோடு நின்றிருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில்: "இதற்கு மேல் நான் போனதில்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உச்சிக்கு வழி இல்லையே!

"தெரியாதத தெரியாதுன்னு எழுதிருக்காரு பாருங்க. இந்தாளை நம்பலாம்" என்றாள். "கோடு நிக்கிற எடத்துல நாமளும் நிப்போம். அங்க உக்காந்து சோத்தத் தின்னுட்டு எறங்கிருவோம்."

"அப்ப வர்றியா?"

படத்தை நாலாய் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "படம் எங்கிட்டதான் இருக்கும்."