அப்பா உட்கார்ந்த இடம்

அப்பா உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. காலையில் காபி டம்ளரைக் கையில் பிடித்தபடியே முற்றத்தில் நடப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உபசரிப்பார்கள். அவரோ சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும் அதே கதைதான். "கிழக்குச் சுவருல வெடிப்பு உண்டு. இப்பம் அடைக்கல்லேண்ணா மழைக்குத் தாங்காது" என்று சம்பந்தி ஆகவேண்டியவரிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது.

அவர் மராமத்து இலாகாவில் எஞ்சினீயர். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். ஊருக்கு வெளியே ஓடையின்மேல் ஒரு கல் பாலம் இருந்தது. அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் கட்டியது. எந்தப் பாலம் கட்டினாலும், வளைவுக்குக் கீழே முட்டுக்கொடுத்த பலகைகளைப் பிரிக்கும் நாளில், பாரம் ஏற்றிய வண்டியை மேலே ஓட்டச் சொல்லிவிட்டுத் தான் பாலத்துக்கு அடியில் போய் நிற்பது அவர் வழக்கம். கட்டியவனுக்கே நம்பிக்கை இல்லாத பாலத்தில் ஊரார் எப்படிப் போவார்கள் என்பார். நான் பள்ளிக்கூடம் போனது அந்தப் பாலத்தின் வழியாகத்தான். பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று சிலர் அவரிடம் கேட்பார்கள். மறுநாள் காலையில் என் புத்தகப் பையைத் தானே தூக்கிக்கொண்டு பாலம்வரை வருவார்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்த வருடங்கள் அவை. எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று அப்பாவுக்கும் ஆசை இருந்தது. அரசாங்க உத்தியோகம் வாயைக் கட்டிப் போட்டிருந்தது. அம்மாவின் தம்பிக்கு அந்தக் கட்டு இல்லை. கூட்டம், ஊர்வலம், மறியல் என்று எல்லாவற்றிலும் மாமா முன்னால் நிற்பார். ஒருநாள் காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே கேட்டார்.

"அத்தான், போலீஸ் வண்டி வருதுண்ணு சொல்லுதாவ. பாலத்த இடிக்கப் போறோம். எங்க அடிச்சா சட்டுண்ணு விழும்?"

இப்படி ஒரு கேள்வியை, அதைக் கட்டியவரிடமே வந்து கேட்க எங்கள் மாமாவால்தான் முடியும். அத்தான் நம்ம ஆள், கேட்டால் சொல்லுவார் என்ற உரிமை. அப்பா உள்ளே போனார். அம்மாவிடம் சோறு கட்டித் தரச் சொன்னார். சட்டையை மாட்டி, குடையையும் பொதிச்சோற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நேரே போய்ப் பாலத்துக்கு அடியில், ஓடைக்குள் கிடந்த ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே கடப்பாரையோடு வந்தவர்கள் திகைத்துப் போனார்களாம். அங்கிருந்தவர்கள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்ததால் எனக்கு அது நேரில் பார்த்ததுபோல இருக்கிறது.

"அத்தான், மேல வாங்க."

"நீ இடி மக்கா. நான் கெட்டின பாலமாக்கும், சட்டுண்ணு விழாது. அதுக்குள்ள நான் சோறு தின்னு முடிச்சிருவேன்."

"போலீசு வந்தா எங்கள அடிச்சுக் கொல்லுவான் அத்தான்."

"போலீசு ஒருநாளு வருவான், போவான். பிள்ளைகளு எல்லா நாளும் போணும்."

உச்சிவெயில்வரை நின்று பார்த்துவிட்டு அவர்கள் கலைந்தார்கள். சாயங்காலம் போலீஸ் வண்டிகள் அந்தப் பாலத்தின் வழியாக வந்தன. மாமா ஓடவில்லை. அவரை அடித்த அடியில் வலது கால் முறிந்தது. அப்படியே கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். எலும்பு சரியாகச் சேராமல் கடைசிவரை விந்தி விந்திதான் நடந்தார்.

செய்தி வந்தபோது அம்மா அழவில்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: "உங்க மவ பள்ளிக்கூடம் போவதுக்கு எனக்க தம்பிக்க காலுதான் கெடச்சுதா?"

நான் அங்கேதான் நின்றேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபமும் பாசமும் இன்றுவரை தனித்தனியாகப் பிரியவில்லை. அந்தப் பாலத்தின் வழியாகத்தான் படித்தேன், வேலைக்குப் போனேன், நாலு பேர் மதிக்க வாழ்ந்தேன். மாமாவின் கால் நினைவுக்கு வராத நல்ல நாள் ஒன்றுகூட எனக்கு வாய்க்கவில்லை.

எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளத்தில் நின்றுவிட்டது. சிறையிலிருந்து வந்த மாமா, தமிழ்நாட்டோடு சேர்ந்த விளவங்கோடு பக்கம் குடிபோனார். எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா அவர் பெயரை எடுக்கமாட்டார். ஆனால் ஓய்வுபெற்ற பிறகும் பெருமழை பெய்தால் குடையோடு பாலத்தைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். "இப்பம் அதுக்கு வேற எஞ்சினீயர் உண்டு அப்பா" என்று கேலி செய்வேன். காதில் வாங்கமாட்டார். நனைந்து திரும்பி வந்து மறுபடி முற்றத்தில் நடப்பார். தான் செய்தது சரியா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை.

கடைசியில் படுக்கையில் விழுந்தபோதும் அவர் பாதங்கள் போர்வைக்குள் அசைந்துகொண்டே இருந்தன. ஒருநாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் மாமா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா கட்டிலோரம் உட்கார்ந்தார். அப்பா கேட்டார்.

"கோவம் உண்டா மக்கா?"

"உண்டு அத்தான். இல்லேண்ணு பொய் சொல்லதுக்கா இவ்வளவு தூரம் வாறேன்?"

அப்பா தலையசைத்தார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"எதுல வந்த?"

"பஸ்ஸுல. பாலம் வழியா."

அப்பா தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தார். முடியவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ஸு கேறும்போ பாலம் ஆடிச்சா?"

மாமா தன் வலது காலை ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"இல்ல அத்தான்" என்றார். "கொஞ்சங்கூட ஆடல்ல."