ஒரு ஆளுக்கான சமையல்

எங்கள் மிஹாரா ஊரில் துறைமுகத்துக்குப் போகும் கடைத்தெருவில் என் புத்தகக் கடை இருக்கிறது. பக்கத்தில் சலவைக் கடை. அங்கே துணியை வாங்கிப் போட்டு ரசீது எழுதிக் கொடுக்கும் கிக்குயே என் சிநேகிதி. அறுபதைத் தாண்டிவிட்டாள். பெரிய வாசகி என்று அவளைச் சொல்ல முடியாது. ஆள் வராத நேரத்தில் கையில் எது அகப்படுகிறதோ அதை வாசிப்பாள். வாசித்துவிட்டு அதிர்ந்து போவாள். அதிர்ந்து போவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி அடுக்கில் செருகி வைக்கிற சிறு அட்டைகளை முன்பெல்லாம் நானே எழுதினேன். "ஆழமான படைப்பு" என்று எழுதுவேன். ஒரு பிரதிகூட நகராது. ஒருநாள் சலிப்பில் பேனாவைக் கிக்குயேவிடம் கொடுத்தேன். ஒரு துப்பறியும் நாவலுக்கு அவள் எழுதியது இது: "கொலைகாரன் பல் டாக்டர் என்று தெரிந்ததும் அதிர்ந்து போனேன். இனி எவனிடமும் வாயைத் திறக்க மாட்டேன்."

"அடிப்பாவி, கொலைகாரன் யாருன்னே போட்டுட்டியே! இனிமே எவன்டி வாங்குவான்?" என்று கத்தினேன்.

"வாங்குவாங்க பாரு. பல் டாக்டர்னு தெரிஞ்சா ஆரம்பத்துலேருந்தே பயமா இருக்கும்ல."

விற்றுத் தீர்ந்தது. என்னத்தைச் சொல்ல. கடல் உயிர்கள் பற்றிய புத்தகத்துக்கு, "ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாம். நேற்று இரவு இரண்டு சாப்பிட்டோம். ஆறு இதயம்! தூக்கமே வரவில்லை" என்று எழுதினாள். எதிரே இருக்கிற மீன் கடைக்காரர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

விற்கிற எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பழுப்புக் காகித உறைதான் போடுவேன். என்ன வாசிக்கிறோம் என்று ரயிலில் பக்கத்து சீட்டுக்காரன் பார்க்கக் கூடாது இல்லையா? கிக்குயே வீட்டில் மேசைக்கு அருகே பழுப்பு உறைகள் குவிந்து கிடக்கும். எதற்குள் எது என்று திறந்து பார்த்தால்தான் அவளுக்கே தெரியும்.

அவள் கணவர் மொரியோ தீவுக்குப் போகும் படகை ஓட்டியவர். பேச்சு என்றால் அவருக்குக் கைக்காசு செலவாகிற மாதிரி. வீட்டில் "ஏய்" என்பார். ஒரு ஏய்க்குத் தேநீர், இன்னொரு ஏய்க்குக் குளியல் தண்ணீர், கொஞ்சம் இழுத்தால் காது குடைகிற குச்சி. கிக்குயேவுக்கு எல்லா ஏயும் அத்துப்படி. வசந்தத்தில் அவர் ஓய்வு பெற்றார். அதிலிருந்து நாள் முழுக்க வீட்டில்தான். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு ஓடிப் போய் அவருக்கு நூடுல்ஸ் வேக வைத்துக் கொடுத்துவிட்டு, கிக்குயே மூச்சு வாங்கத் திரும்பி வருவாள். அடுப்பு எந்தப் பக்கம் திருகும் என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது.

இலையுதிர் காலத்தில், மழை பெய்த ஒரு காலை, சலவைக் கடையைத் திறக்காமல் நேராக என் கடைக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. குடையை மூடக்கூட மறந்து, பழுப்பு உறை போட்ட ஒரு புத்தகத்தை என் மேசை மேல் வைத்தாள்.

"ஹாஸ்பிட்டல்ல படிக்கலாம்னு குவியல்லேருந்து கைக்கு வந்தத எடுத்துட்டுக் கிளம்பினேன் சுமியே. ரயில்ல திறந்து பார்த்தேன். அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கித் திரும்பிட்டேன்."

திறந்தேன். மனைவி இல்லாத ஆண்களுக்கான சமையல் புத்தகம். ஒரு ஆளுக்குச் சோறு, ஒரு ஆளுக்கு மிசோ சூப், ஒரு ஆளுக்கு மீன். சில பக்கங்களின் மூலை மடித்திருந்தது.

"இது நான் வாங்கலை. எங்க வீட்ல இருக்கிறது ரெண்டே பேரு. அப்ப யாரு வாங்கியிருப்பா?"

"உன் வீட்டுக்காரரா? அவரு சமைக்கப் போறாரா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத. நான் சாகப் போறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. போன வாரம் அவள் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்திருந்தார்கள். முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஃபோனை மொரியோதான் எடுத்தார். "ஒண்ணுமில்லையாம். மறுபடி ஒருதரம் வந்து மாத்திரை வாங்கிக்கச் சொன்னாங்க" என்றார். அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லதான்" என்றேன்.

"என் மாமனாருக்கும் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னோம்."

அவள் மாமனாருக்கு வயிற்றில் புற்றுநோய். டாக்டர் வீட்டுக்காரர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வெறும் புண்தான் என்று அவரிடம் கடைசிவரை பொய் சொல்லிக் கஞ்சி ஊட்டியவள் கிக்குயே. நோயாளியின் முன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த முகத்தைத்தான் ஒரு வாரமாகக் கணவரிடம் பார்க்கிறாளாம்.

"என்னை 'ஏய்'னு கூப்பிடறதே இல்ல. தானே எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கறாரு. முந்தாநாள் எனக்கும் ஒரு கப் போட்டுக் கொடுத்தாரு சுமியே!" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். "முப்பத்தெட்டு வருஷத்துல ஒருநாள் கிடையாது. சாகப் போறவளுக்குத்தானே அப்படிச் செய்வாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிக் கேளேன்டி!"

"எப்படிக் கேக்கறது? அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறாரு. நான் போய்க் கேட்டா மனுஷன் என்ன ஆவாரு?"

கேட்கத்தான் மாட்டோம். எங்கள் ஜனங்களுக்கு அதைவிட நாக்கைக் கடித்துக்கொள்வது சுலபம். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த புத்தகத்தை ஆத்திரத்தில் மேசை மேல் தட்டினேன். உறை கழன்று வந்துவிட்டது. என் கைமடிப்பு அப்படிக் கழலாது. இது யாரோ கோணலாகச் சுற்றியது. புத்தகமும் என் கடையில் வாங்கியது இல்லை. உள்ளே ரயிலடிக் கடையின் ரசீது இருந்தது. ஆனால் உறை மட்டும் என் கடையுடையது. அதில் பெரிய சோயா கறை.

"இந்தக் கறை நான் ஊத்தினது" என்றாள் கிக்குயே மெதுவாக. "நீ அட்டை எழுதறதுக்குக் கொடுத்தியே... அந்தப் புத்தகத்தோட உறை."

கணவர் ஓய்வு பெற்ற பிறகு மனைவி அவரை விட்டுப் போவது எப்படி என்று சொல்கிற புத்தகம் அது. விவாகரத்து, சொத்துப் பிரிப்பது, தனி அறை எடுப்பது எல்லாம் விவரமாக இருக்கும். எங்கள் ஊரில் அமோகமாக விற்கிறது. உறை போட்டுத்தான் கேட்பார்கள்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேலையில்லாத மனிதர் குவியலைக் கிளறி, அந்தப் புத்தகத்தைத் திறந்திருக்கிறார். மனைவி போகப் போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். உடனே ரயிலடிக்குப் போய்ச் சமையல் புத்தகம் வாங்கி, அந்த உறையையே உருவிப் போட்டு, அவள் குவியலிலேயே ஒளித்து வைத்திருக்கிறார். இதைவிட முட்டாள்தனமாக ஒளித்து வைக்க யாராலும் முடியாது.

"அட, அவ்வளவுதானா! போய்ச் சொல்லு, சும்மா அட்டைக்காகப் படிச்சதுன்னு" என்றேன். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கிக்குயே அப்போதுதான் குடையை மூடினாள். குடை முனையிலிருந்து தண்ணீர் என் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி? அட்டைக்காகத்தானே படிச்ச?"

"நாலாவது அத்தியாயத்தை ரெண்டு தடவை படிச்சேன்" என்றாள். "அதுல ஒருத்தி சின்ன ரூம் எடுத்துப் போறா. ஒரே ஒரு கப் வாங்கி வைக்கிறா. மத்தியானம் பசிச்சா சாப்பிடறா, பசிக்கலைன்னா படுத்துத் தூங்கறா. எனக்கு அந்த ஒரு கப்பு மனசவிட்டுப் போகவே இல்ல சுமியே."

இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் சொல்லி நான் அதிர்ந்து போனது அன்றைக்குத்தான். அந்தப் புத்தகத்துக்கு மட்டும் அவள் அட்டை எழுதிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மொரியோ! என் கடைக்குள் அவர் கால் வைத்ததே கிடையாது. மழையில் நனைந்து, வீட்டுச் செருப்போடு, சட்டையெல்லாம் கருகல் வாசனையோடு நின்றார். மேசை மேல் உறை கழன்று கிடந்த புத்தகத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"எவ்வளவு தண்ணின்னு மறந்து போச்சு. சோறு தீஞ்சு போச்சு" என்றார். குவியலில் அதைக் காணாமல், இன்னொரு பிரதி கிடைக்குமா என்று வந்திருக்கிறார்.

கிக்குயே எழுந்தாள். "எனக்கு வயித்துல என்ன? உண்மையச் சொல்லுங்க."

"புண்ணு. சொன்னேனே, ஒண்ணுமில்லைன்னு. ஊறுகாயக் குறைக்கச் சொன்னாங்க."

"நிஜமாவே புண்ணா?"

"பின்ன என்ன?" அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"அப்ப இது எதுக்கு? நான் போயிடுவேன்னு நினைச்சுத்தானே வாங்கினீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ போனப்புறம், இந்த ஆளு என்னத்தத் தின்னுதோன்னு அங்க உக்காந்து கவலைப்படுவ. அது வேணாம்னுதான்."

நான் கடை மூலைக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளை அடுக்குகிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன். காதை மட்டும் அங்கேயே விட்டு வைத்தேன். இல்லையென்றால் எப்படி?

"போகாதன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?" கிக்குயே கத்தினாள். "முப்பத்தெட்டு வருஷம் ஆக்கிப் போட்டிருக்கேன்! போறவ போகட்டும்னு கரண்டியத் தூக்கிட்டீங்களா? கல்லா நீங்க? கட்டையா?"

தெருவே கேட்டிருக்கும். அவர் கதவுப் பக்கம் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நான் அவர் மனைவியாக இருந்திருந்தால் அன்றைக்கே அந்த ஒற்றைக் கப்பை வாங்கியிருப்பேன்.

மொரியோ மேசைக்கு வந்தார். புத்தகத்தை எடுத்து, மடித்த மூலை ஒன்றைத் தடவித் தடவித் திறந்தார். பக்கத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இதுல எல்லாம் ஒரு ஆளுக்குத்தான் போட்டிருக்கான்" என்றார். "ரெண்டு ஆளுக்குன்னா எவ்வளவு போடணும்?"

கிக்குயே அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் அவள் மூக்கு நுனி வரை வந்துவிட்டது, துடைக்கவில்லை.

"தண்ணி, அரிசி எல்லாம் ரெண்டு மடங்கு. உப்பு மட்டும் ரெண்டு மடங்கு போட்டுடாதீங்க" என்றாள். "கொஞ்சமாப் போட்டு என்கிட்டக் காட்டுங்க. நான் ருசி பார்த்துச் சொல்றேன்."

அவர் பக்கத்தின் மூலையை மறுபடி மடித்து, புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். இருவரும் ஒரே குடையில் போனார்கள். அன்று சலவைக் கடை மத்தியானம் வரை திறக்கவில்லை. என் கடையிலும் வியாபாரம் இல்லை.

அந்தச் சமையல் புத்தகத்தை நானும் வரவழைத்து அடுக்கில் வைத்திருக்கிறேன். பத்து நாள் கழித்துக் கிக்குயே அதற்கு அட்டை எழுதிக் கொடுத்தாள். விற்பனைக்கு உதவுமா என்று தெரியவில்லை. ஆனாலும் செருகி வைத்திருக்கிறேன்: "அதிர்ந்து போனேன். இரண்டு பாத்திரம் கருகிவிட்டது. இப்போது மிசோ சூப் பக்கம் வரை வந்திருக்கிறோம்."