பள்ளத்தின் அடியில் என் மகன்

என் மகன் ஆப்பிரிக்காவில், செம்பு வெட்டியெடுக்கும் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டுகிறான். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாய்க்கால் தூர்வாரிப் பழகிய கை. சுரங்கம் என்றதும் குகை மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். முதல் தடவை வீடியோ காலில் அவன் காட்டியபோது, தண்ணீர் வற்றிய கோயில் குளம் என்றே பட்டது. சுற்றிலும் படிபடியாக இறங்கிக்கொண்டே போனது.

"நடுவுல மண்டபம் இல்லையாடா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தான். "அம்மா, அந்த ஒரு படி நம்ம வீட்ட விட உசரம். அடியில மஞ்சளா ஒரு புள்ளி தெரியுதா? அது லாரி. நம்ம தெருவுக்குள்ளயே நுழையாது, அவ்வளவு பெருசு."

"நீ எங்க வேலை பாக்குற?"

"அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகளைப் பார்த்தவள் நான். ஓரம் எப்போது சரியும் என்று உள்ளே நிற்கிறவனுக்குத் தெரியாது. என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு அவன் ஊர் உலகத்துப் பள்ளங்களின் படங்களை எல்லாம் அனுப்பினான். வைரத்துக்காகத் தோண்டியது ஒன்று. பாலைவனத்தில் அணையாமல் எரிந்துகொண்டே இருப்பது ஒன்று. கடலுக்குள் கருநீலமாக ஒன்று. அது தானாகவே உண்டானதாம். பூமாதேவி எவ்வளவைத்தான் தாங்குவாள் என்று இருந்தது. காலையில் விளக்கேற்றும்போது அவளிடமே கேட்பேன்: அவன் மேலே ஏறி வரும்வரைக்கும் பிடித்துக்கொள், தாயே.

ஆயுத பூஜை வந்தது. இங்கே செய்கிற மாதிரியே அங்கேயும் வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரச் செயினுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறான். அதோடு விட்டிருக்கலாம். டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நின்று தட்டில் கற்பூரமும் ஏற்றிவிட்டான். அங்கே பீடி பற்றவைக்கக்கூட அனுமதி கிடையாதாம். பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் அம்மாள் தீயணைக்கிற சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, கற்பூரம், வண்டி, இவன் எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடியை அடித்துவிட்டாள். அன்றே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஊருக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்றான்.

"விபூதி அபிஷேகம் ஆன மாதிரி நின்னேம்மா" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான்.

கோயிலுக்குப் போனேன். வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டுவதா, போகட்டும் என்று வேண்டுவதா? எவ்வளவு ஆசையாகப் போன பிள்ளை, தலை குனிந்து திரும்பக் கூடாது. ஆனால் திரும்பினால் அந்தப் பள்ளம் இல்லை. சாமியைப் பார்த்து, "உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்துக் கூப்பிட்டான். அந்த அதிகாரி அம்மாள் இவனை உட்காரவைத்து, எதற்காக இதெல்லாம் என்று விசாரித்திருக்கிறாள். வயிற்றுக்குச் சோறு போடுகிற வண்டிக்குக் கும்பிடு, தோண்டுகிறோமே என்று மண்ணிடம் மன்னிப்பு, அவ்வளவுதான் என்றிருக்கிறான். அதைக் கேட்டபிறகு அவள் இவனை ஊருக்கு அனுப்பவில்லை. ஆனால் தண்டனை கொடுத்துவிட்டாள்.

"கீழ பெரிய மிஷின் ஓட்டுனவன, மேல ஓரத்துல ரோடு சமன் பண்ண விட்டுட்டாங்கம்மா. கூட இருக்கறவனெல்லாம் கேலி பண்றான்."

"பள்ளத்துக்குள்ள இறங்கவே வேண்டாமா?"

"அவங்க மனசு வச்சாத்தான்."

"அதுவரைக்கும்?"

"மேலதான். சின்ன வண்டி."

"கவலப்படாத தம்பி" என்றேன், முடிந்தமட்டும் வருத்தமாக.

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் முறைத்தார். "அவன் மூஞ்சி தொங்கிக் கெடக்கு. நீ என்னடி சிரிக்கிற?"

"நான் எங்கங்க சிரிச்சேன்?"

"சரி சரி. தேங்கா ஒண்ணு போதுமா, ரெண்டா வாங்கவா?"

இரண்டு பேரும் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். தேங்காயை வாங்கிக்கொண்டு குருக்கள், "பையனுக்கு ஏதும் நல்ல சேதிங்களா?" என்று கேட்டார்.

"நல்ல சேதிதான் சாமி. நான் இப்படிச் சொன்னேன்னு அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன்.