தயிர்ச் சட்டியில் இருந்த வெள்ளை

அதில் தயிர் இருந்தது என்றால் சிதேரிஸ் எப்படிக் கடலிலிருந்து முழுசாகத் திரும்பி வந்தான்? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள், பிறகு அவன் பெண்டாட்டி டோம்னாவைப் பற்றி வாய் திறங்கள். சிதேரிஸ் என்பதே இசிதோர் என்பதன் சுருக்கம்தான்; நேர்ச்சை முறிந்திருந்தால் அவன் பெயர்கொண்ட அந்தப் புனித இசிதோர் சும்மா விட்டிருப்பாரா? மாமியார் அங்கெரு அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள் என்று எங்கள் முற்றத்தில் இன்னும் கதை ஓடுகிறது. அப்போது பிறந்தே இருக்காத பெண்கள்கூட நேரில் பார்த்ததுபோலச் சொல்கிறார்கள். பல வீடுகளுக்குப் பொதுவான அந்த முற்றத்தில் நான் எதிர்வீட்டுக்காரி. யாரும் யாரையும் தள்ளவில்லை. அந்தச் சட்டியில் தயிரும் இல்லை, எண்ணெயும் இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தயிரைப் பார்த்தால் தெரியும்.

டோம்னாவைப் பார்க்கவேண்டுமானால் சனிக்கிழமை காலையில் எங்கள் ஹியோஸ் தீவின் துறைமுகத்துக்கு இறங்குங்கள். மீன் சந்தைக்குப் பின்னால், சுவரோரம், புருஷனின் பழைய கப்பல் சட்டையைப் போட்டுக்கொண்டு மலைக்கீரை விற்பாள். தராசு கிடையாது. கையால் அள்ளுவாள், உங்கள் முகத்தைப் பார்ப்பாள், பிடித்திருந்தால் இன்னொரு பிடி போடுவாள். தன் சரக்கை அவள் ஒருநாளும் புகழ்ந்ததில்லை. "கசக்கும், கசக்கும்! இனிப்பு வேணும்னா மிட்டாய்க் கடைக்குப் போ!" என்று கத்துவாள். அதைக் கேட்கவே கூட்டம் வரும்.

கீரைக்குப் பக்கத்தில் சில கண்ணாடிக் குப்பிகள் இருக்கும். உள்ளே பாலாடை மாதிரி வெள்ளையாக ஒன்று. அதற்குப் பெயர் எதுவும் கிடையாது, வெள்ளை என்றுதான் சொல்வோம். பச்சைக்கீரை, முட்டைக்கோஸ், வேகவைத்த பீட்ரூட், எதன்மேல் ஊற்றினாலும் பொருந்தும். பீட்ரூட்டோடு சேர்ந்தால் கல்யாண வீட்டு மிட்டாய்போல ரோஜா நிறமாகிவிடும். போன கோடையில் ஏதென்ஸிலிருந்து வந்த ஒரு பெண், எலும்பும் தோலுமாக இருந்தாள், குப்பியைத் தூக்கிப் பார்த்துக் கேட்டாள்: "ஏன்மா, இதுல எண்ணெயே கெடையாதாமே? ஒடம்பு எளைக்குமா?"

டோம்னா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எளைக்கறதுக்கா? நான் இத ஒரு கெழவியத் தேத்தறதுக்குச் செஞ்சேன், தாயி. உனக்கு ரெண்டு குப்பி வேணும்."

அவள் அதைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஒரு பல் பூண்டை உப்போடு மர உரலில் நசுக்கிக் கூழாக்குவாள். அதன்மேல் எள் விழுது. வறுத்த எள்ளைக் கல்லில் போட்டு அரைத்தால் வருமே, அது. எலுமிச்சம்பழத்தை முழுசாகப் பிழிவாள். உடனே விழுது இறுகிக்கொள்ளும். களிமண்போல முள்கரண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் பயந்துபோய் எண்ணெய்ப் புட்டியைத் தேடுவார்கள். டோம்னா அசையமாட்டாள். "கோவப்படட்டும், விடுங்கக்கா. வந்த கோவம் எறங்கித்தானே ஆகணும்" என்பாள். பிறகு கிணற்றுத் தண்ணீர், சில்லென்று, கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு ஊற்றலுக்கும் நன்றாக அடிப்பாள். பழுப்பு வெளுக்கும், கட்டி இளகும். நீங்கள் கண்ணைத் திருப்பிய நேரத்தில் அது வழவழவென்று வழிய ஆரம்பித்திருக்கும். முள்கரண்டிதான் வேண்டும், தேக்கரண்டியால் அடித்தால் அவளுக்கு ஆகாது. "கரண்டி தடவிக் குடுக்கும், முள்ளுதான் கேள்வி கேக்கும்" என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறாள்.

இந்த எள் சமாசாரம் எங்கள் தீவுக்காரர்களுடையது இல்லை. டோம்னாவின் அம்மா எதிர்க்கரையிலிருந்து, துருக்கிப் பக்கத்திலிருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படகில் வந்த ஜனம். எங்களுக்கு ஆலிவ் எண்ணெய்தான் எல்லாம். குழந்தைக்கு ஞானஸ்நானத்திலிருந்து பிணத்துக்குப் பூசுவதுவரை அதுதான். அதனால் சிதேரிஸ் அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது அங்கெரு முகத்தைச் சுளித்தாள். "எள்ளுன்னா எங்க வீட்ல ரொட்டி மேல தூவுவோம். இவ அதையே சோறா திங்கறவ" என்று என்னிடமே சொன்னாள். கெட்டவள் இல்லை அங்கெரு. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஒரே பையனை வளர்த்தவள். அவனும் கப்பலுக்குத்தான் போனான்.

அந்தக் குளிர்காலம் வடகடலில் பெரிய புயல் என்று வானொலியில் சொன்னார்கள். சிதேரிஸின் கப்பலிலிருந்து தகவலே வரவில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு ஜன்னலில் நின்று ஒரே கடலைப் பார்ப்பார்கள், பேசிக்கொள்ளமாட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தின பெருநோன்பு தொடங்கிய அன்று அங்கெரு புனித இசிதோருக்கு நேர்ந்துகொண்டாள். இறைச்சி, முட்டை, பால் எல்லாரும் விடுவதுதான். சனி ஞாயிறுகளில் எண்ணெய் சேர்த்துக்கொள்ளலாம் என்று கோயிலே அனுமதிக்கிறது. அங்கெருவுக்கு அதுவும் வேண்டாம். ஈஸ்டர்வரை அந்த வீட்டில் யார் நாக்கிலும் ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது, பட்டால் பிள்ளைக்கு ஆகாது. எண்ணெய் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, முடிச்சைத் தானே போட்டாள்.

பல்லும் அதிகம் இல்லாத கிழவி. வெந்த கீரையும் காய்ந்த ரொட்டியும் காடியும். காடி தொண்டையைக் கிழிக்கிறது என்று கீரையையும் விட்டுவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெழுகுவர்த்தியைப் பிடித்தபடியே சரிந்தாள். நானும் டோம்னாவும் தூக்கிக்கொண்டு வந்தோம். ஒரு மூட்டைத் துணிக்கு இருக்கிற கனம்கூட இல்லை.

அன்றைக்கு டோம்னா தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு சாடி எள் விழுது வாங்கி வந்தாள். விழுதின்மேல் எண்ணெய் தெளிந்து நின்றது. அது எண்ணெய்க் கணக்கில் சேருமா சேராதா என்று பாதிரியாரைக் கேட்டிருந்தால், நோன்பில் ஆலிவ் எண்ணெயைத்தான் விலக்கியிருக்கிறது, தாராளமாகச் சாப்பிடு என்றிருப்பார். எங்கள் தீவில் எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். டோம்னா கேட்கவில்லை.

"நேந்துகிட்டது எண்ணெயே கூடாதுன்னு. எந்த எண்ணெய்னு அத்தை சொல்லலையேக்கா" என்றாள். சாடியைச் சாய்த்து, மேலே நின்றதை ஒட்ட இறுத்து, சாமி படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கில் ஊற்றிவிட்டாள். நோன்பு முடியும்வரை எங்கள் முற்றம் முழுக்க எள் அல்வா வாசனை அடித்தது. இப்போதும் தெருவில் யாராவது அல்வா கிண்டினால் எனக்கு அந்த வசந்தகாலம்தான் நினைவுக்கு வருகிறது. கிணற்றடி, எலுமிச்சம்பூ, டோம்னாவின் முள்கரண்டிச் சத்தம். அந்தக் கிணற்றை இப்போது மூடிவிட்டார்கள்.

எண்ணெய் போன விழுது கல்லாகிக் கிடந்தது. அதை அடித்து வெள்ளையாக்குவதற்குள் அவள் தோள்பட்டை கழன்றுவிடும். செய்து கீரைமேல் ஊற்றி, ரொட்டியை அதில் ஊறவைத்து வைப்பாள். அங்கெரு சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டாள். தட்டை ரொட்டியால் துடைப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆள் தேறினாள்.

அதுதான் வினையாகப் போயிற்று. டோம்னா அந்த வெள்ளையை வைத்திருந்தது ஒரு பழைய தயிர்ச் சட்டியில். வேறு மூடி போட்ட பாத்திரம் அந்த வீட்டில் இல்லை. மூலைவீட்டுக் கலியோபி, ஈஸ்டருக்கு முந்தின பாடுகளின் வாரத்தில் அந்தச் சட்டியைப் பார்த்துவிட்டாள். முற்றத்தில் ஒரு பூனை குட்டி போட்டால்கூட அப்பன் யார் என்று கண்டுபிடிக்கிறவள் கலியோபி.

"நோன்புல யாருக்காவது கன்னம் செவக்குமா? இந்த மாமியாருக்குச் செவக்குதே! வெள்ளையா, வழவழன்னு, தயிர்ச் சட்டியில. அது என்னவாம், பனியா?" என்று வீடுவீடாகக் கேட்டாள். வியாழக்கிழமை, நாங்கள் எல்லாரும் முற்றத்தில் ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அங்கெருவின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

அங்கெரு உள்ளே போனாள். புனித இசிதோரின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இதுமேல கை வச்சுச் சொல்லு, டோம்னா. தயிர் ஊத்தினியா? எண்ணெய் ஊத்தினியா?"

டோம்னா முட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சிவப்பு. "கை வைக்கமாட்டேன்" என்றாள்.

"பாத்தீங்களா!" என்றாள் கலியோபி.

"நீ சும்மா இருடி. கை வைக்கமாட்டேன் அத்தே. செஞ்சு காட்டறேன். எல்லாரும் பாருங்க."

கிணற்றடியிலேயே உட்கார்ந்தாள். உரல், பூண்டு, உப்பு, விழுது, எலுமிச்சை. தண்ணீரைக் கலியோபியையே இறைக்கச் சொன்னாள். விழுது இறுகியது. "அவ்ளோதான், முறிஞ்சுபோச்சு. இனி தயிர் இல்லாம இது வழிக்கு வருமா?" என்று கலியோபி எல்லாரையும் திரும்பிப் பார்த்தாள். அங்கெரு படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். டோம்னா தண்ணீரை ஊற்றினாள், அடித்தாள். மறுபடி ஊற்றினாள். நெற்றி வியர்வை மூக்கில் இறங்கியது, துடைக்கவில்லை. எள் வெளுத்தது. அது வழிய ஆரம்பித்தபோது என்னையறியாமல் நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

கலியோபி விரலை விட்டு நக்கினாள். "பூண்டு ஜாஸ்தி" என்றாள். முற்றமே சிரித்தது. அங்கெரு ஒரு ரொட்டித் துண்டைத் தோய்த்து வாயில் போட்டாள். நெடுநேரம் மென்றாள். "எப்பவும் செய்யறதுதான்" என்றாள்.

அதுதான் அவள் மன்னிப்பு. எங்களுக்கெல்லாம் புரிந்தது. டோம்னாவுக்கும் புரியாமல் இல்லை. ஆனால் அவளுக்குப் போதவில்லை.

"அத்தே, கடல்ல இருக்கறது உங்க பிள்ளை. எனக்கு யாரு அவரு? அவரு உசிர நான் தயிர்ல கலப்பேனா? இவ கேக்கலாம், அவளுக்கு வாய் அரிக்குது. நீங்க கேட்டீங்களே" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அங்கெரு படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டப் போய்விட்டாள்.

நீங்கள் நினைப்பீர்கள், அன்றைக்கே போயிருப்பாள் என்று. போகவில்லை. வெள்ளி, சனி, நேர்ச்சை முடியும்வரை மாமியாருக்கு வெள்ளை அடித்து ஊட்டினாள். சிதேரிஸ் அந்தக் கோடையில் வந்து சேர்ந்தான். தாயிடம் ஒரு காபி குடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி வாடகைக்கு இருந்த துறைமுக வீட்டுக்கு இறங்கிப் போனான். இன்றுவரை அங்கேதான். ஆகவே நேர்ச்சை முறிந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

ஈஸ்டர் ஞாயிறு மதியம் நான் சிவப்பு முட்டையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். டோம்னா எண்ணெய் ஜாடியின் முடிச்சை அவிழ்த்து, மாமியாரின் கீரையில் தாராளமாக ஊற்றினாள். "நேர்ச்சை முடிஞ்சிது அத்தே. சாப்பிடுங்க" என்றாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மடித்து மேசைமேல் வைத்தாள். மூட்டை ஏற்கெனவே கட்டியிருந்தது.

எங்கள் வீடுகளில் போக வர முற்றத்துக் கதவுதான். தெருக்கதவு மணப்பெண் உள்ளே வரும்போது திறக்கும், சவப்பெட்டி வெளியே போகும்போது திறக்கும். டோம்னா முற்றத்துப் பக்கம் வரவில்லை. தெருக்கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தூக்கினாள். வெயில் உள்ளே விழுந்தது. மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கல்யாணத்தன்று ஏறி வந்த அதே படிகளில் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

காற்று கதவை அறையப் பார்த்தது. நான் சாத்துவதற்காக எழுந்தேன்.

"தொடாதே" என்றாள் அங்கெரு. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், கதவு மூடாதபடி முட்டுக்கொடுத்தாள். பிறகு மேசைக்குத் திரும்பி, மீதிக் கீரையை நின்றுகொண்டே சாப்பிட்டாள்.