டிரெய்லருக்குக் கட்டம் இல்லாத புத்தகம்

போன வாரம் மேரு என்ற ஊர்ப் பக்கம் ஒரு கடையில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் டீ, குடித்துக்கொண்டிருந்தேன். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிற ஒருவர் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வெளிர் நிறக் கால்சட்டை, ஒரு பொட்டுக் கறை இல்லை. நாற்காலியில் பழைய பேப்பர் விரித்திருக்கிறதா என்று என்னையறியாமல் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் இங்கே வேலை செய்த நாளில் விரித்திருப்பார்கள். எங்கள் லோரி யார்டிலிருந்து ஆள் வருவது தெரிந்தாலே கடைக்காரர் பேப்பரைக் கையில் எடுத்துவிடுவார். "அண்ணே, பேப்பர் மேல உக்காருங்க, இப்பத்தான் நாற்காலி கழுவுனேன்" என்பார். எல்லாம் கிரீஸ் செய்கிற வேலை. இழுக்கிற லோரியின் முதுகில் வட்டமாக ஓர் இரும்புத் தட்டு இருக்கும், ஃபிப்த் வீல் என்போம். டிரெய்லரின் அடியில் தொங்கும் கிங்பின் என்ற தடித்த முளை அதன் நடுவில் போய்ப் பூட்டிக்கொள்ளும். மொத்தப் பாரமும் அந்தத் தட்டில்தான் உரசித் திரும்பும் என்பதால் கிரீஸை அப்பி வைப்போம். அந்த வாசனை குளித்தாலும் போகாது. வீட்டில் என் துணிக்குத் தனி வாளி.

நான் அங்கே மெக்கானிக். வந்து மூன்றே வருடம், ஆனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. எந்தச் சத்தத்துக்கும் என்னிடம் ஒரே மருந்து, கிரீஸ். (இன்று பிரிக்பீல்ட்ஸில் என் சொந்தக் காரையே வெளியில் கொடுத்துத்தான் பழுது பார்க்கிறேன், அது வேறு கதை.)

சேகர் என்று ஒரு டிரைவர், என் வயதுதான், ஜெஞ்சாரோம்காரன். "மச்சான், பிரேக் புடிச்சா பின்னால டொக்குனு இடிக்குதுலா" என்று வந்தான். கிரீஸ் அடித்து அனுப்பினேன். மறு வாரமும் வந்தான். இன்னும் கொஞ்சம் அடித்தேன். மூன்றாம் முறை வந்தபோது எரிச்சலாகிவிட்டது. கம்ப்ளெய்ன் புத்தகத்தில், 'வண்டி நன்றாக இருக்கிறது, டிரைவர் பிரேக்கை முரட்டுத்தனமாகப் பிடிக்கிறார்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மேனேஜர் அதைப் படித்தார். திங்கட்கிழமையிலிருந்து சேகர் ரோட்டுக்குப் போகவேண்டாம், யார்டுக்குள்ளேயே வண்டி நகர்த்தட்டும் என்று சொல்லிவிட்டார். அப்படி உள்ளே போட்டவர்கள் யாரும் மறுபடி ரோட்டைப் பார்த்ததில்லை. சேகரின் வீட்டில் பெரிய லோரி லைசென்ஸ் எடுத்த முதல் ஆள் அவன்.

சனிக்கிழமை காலை என்னிடம் வந்து நின்றான். சண்டைக்கு வருகிறான் என்றுதான் நினைத்தேன்.

"மச்சான், மூணு தடவையும் லோரியத்தான பாத்த? டிரெய்லர ஒரு தடவ பாரேன். இந்த ஒரு டிரெய்லர மாட்டுனாத்தான் இடிக்குது. மத்ததுல ஒண்ணும் இல்ல."

சுருக்கென்றது. எங்கள் புத்தகத்தில் லோரி எண்ணுக்குக் கட்டம் உண்டு, டிரைவர் பெயருக்கு உண்டு, டிரெய்லருக்குக் கிடையாது. இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாற்றி மாட்டுகிற பொருளை யார் எழுதப்போகிறார்கள்? ஆகவே எந்த டிரெய்லர் இடித்தாலும் பழி டிரைவர் கணக்கில்தான் சேர்ந்தது. நானாவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்.

டிரெய்லரைக் கழற்றி நிறுத்தினோம். அடியில் நுழைந்து, டீசலில் நனைத்த துணியால் கிங்பின்னைத் துடைத்தேன். என் கிரீஸைத் துடைக்கவே வெகுநேரம் ஆயிற்று. உருண்டையாக இருக்கவேண்டிய கழுத்து, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி ஒரு பக்கம் கரைந்திருந்தது. பூட்டு இறுக்கிப் பிடிக்க முடியாமல் அந்த இடைவெளியில்தான் இடித்திருக்கிறது. நான் அப்பியது தேய்மானத்தை மறைத்ததோடு, மண்ணைச் சேர்த்து இன்னும் தேய்த்துமிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ரோட்டில் ஓடும்போதே டிரெய்லர் கழன்றிருக்கும்.

மேனேஜரிடம் ஓடினேன். "சார், டிரெய்லர்தான் ரோசாக், கெட்டுப்போச்சு. சேகர் மேல தப்பில்ல" என்றேன். என் மேல்தான் தப்பு என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. டிரெய்லரை ஓரங்கட்டினார்கள். திங்கட்கிழமை சேகர் ரோட்டுக்குப் போனான்.

அந்தச் சனிக்கிழமையே, நான் எழுதிய வரியை அடிக்கப் புத்தகத்தைத் திறந்தபோதுதான் பார்த்தேன். அதற்குக் கீழே சேகரின் கையெழுத்து. அது இல்லாமல் வண்டி வெளியே போகக் காவலாளி கேட்டைத் திறக்கமாட்டார். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறான். படித்த பிறகுதான் என்னிடம் வந்து மச்சான் என்று கூப்பிட்டிருக்கிறான்.

அன்று மத்தியானம் கடையில் சேகர் தன் பேப்பரில் பாதியைக் கிழித்து என் நாற்காலியில் விரித்தான். "உக்காருலா" என்றான். தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். டீ வந்தது, குடித்தேன்.

இப்போது பல வண்டிகளில் தட்டின் மேல் பிளாஸ்டிக் தகடு வந்துவிட்டது, கிரீஸே வேண்டாமாம். கம்ப்ளெய்ன் போனில் போகிறதாம், டிரெய்லர் எண்ணைப் போடாவிட்டால் அடுத்த பக்கமே திறக்காதாம். பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். எங்கள் யார்டு இருந்த இடத்தில் கிடங்கு. சேகர் ஜொகூர் பக்கம் போனான் என்று கேள்வி, அதற்குமேல் தெரியவில்லை. புத்தகத்தை யாரோ பழைய பேப்பரோடு போட்டிருப்பார்கள். நான் எழுதியதை அன்றே அடித்துவிட்டேன். அடித்ததற்குக் கீழே என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.