மஞ்சள் பட்டை

ஆஸ்பத்திரியில் எங்கள் எல்லோருக்கும் அவர் ‘சார்ட்டு’. யாருக்குப் பகல் ட்யூட்டி, யாருக்கு ராத்திரி என்று வாராவாரம் எக்செல்லில் போட்டு ஒட்டுவது அவர் வேலை. அந்த ஒரு தாளுக்காக வியாழக்கிழமை முழுக்கக் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே நர்ஸுகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். வீட்டில் தங்கை புருஷன் தயவில் மாடியில் ஓர் அறை. டி.வி. ரிமோட்டைக்கூட அவர் கைக்கு யாரும் தருவதில்லை. இந்தக் கதவு ஒன்றுதான் அவருக்கு வாய்த்த கௌரவம்.

“பொண்டாட்டிக்கு இந்த வாரம் டெலிவரிண்ணே. ராத்திரி மட்டும் வேணாம்” என்று வார்டு பாய் கெஞ்சினான்.

“பகல்ல பெத்துக்கச் சொல்லு. நானா போடறேன்? கம்ப்யூட்டர் போடுது.”

லேபில் இருந்த பெண்ணுக்கு மாதக்கணக்கில் ராத்திரிதான். அவள் பிள்ளைக்கு இழுப்பு. அவர் ஒருநாள் லேபுக்குள் வந்தபோது அவள் எழுந்து நிற்கவில்லை, அதுதான் குற்றம்.

பிறகு மேனேஜர் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புது எக்செல் போட வைத்தார். வேலை முடியும்வரை எல்லாம் ஒரே ஹாலில் இருக்கட்டும் என்றார். அந்த வியாழக்கிழமை சார்ட்டுக்குக் கதவில்லை. லேப் பெண்ணின் மேசை அவர் முதுகுக்குப் பின்னால்.

அவர் ஃபைலைத் திறந்தார். மேலே மஞ்சளாக ஒரு பட்டை வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. கூப்பிடாமல் வருவதெல்லாம் வைரஸ் என்பது அவர் கட்சி. ஓரத்திலிருந்த பெருக்கல் குறியைத் தட்டி மூடினார். பிறகு வாராவாரம் அழுத்துவதுபோல் திரையின் மூலையிலிருந்த சாம்பல் நிறப் பட்டனை அழுத்தினார். முடியாது என்று ஒரு பெட்டி வந்தது. ஃபைலை மூடித் திறந்தார். மறுபடி பட்டை. கொசுவை நசுக்குவதுபோல் அதை மறுபடி மூடினார்.

“எல்லாத்தையும் எவன்டா இடம் மாத்தினது?”

“என்னண்ணே, கம்ப்யூட்டருக்கு இன்னிக்கு லீவா?” என்றான் வார்டு பாய்.

காலையில் தன் கம்ப்யூட்டரிலும் வந்த அதே பட்டையை அனுமதித்துவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தாள் லேப் பெண். ஒரு வார்த்தை போதும். அவள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பினார். “என்னம்மா பாக்கறே? உனக்குத் தெரியுமா?”

“எனக்கென்னண்ணே தெரியும்.”

மத்தியானம் மேனேஜர் வந்து, “சாயங்காலத்துக்குள்ள சார்ட் வரலன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்” என்றார். சார்ட்டு கட்டங்களைக் கையாலேயே நிரப்பப் பார்த்தார். ஒரே நர்ஸ் ஒரே ராத்திரியில் இரண்டு வார்டில் இருந்தாள். அழித்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் மேனேஜர் சலித்துப்போய், “யாராவது பாருங்கப்பா” என்றார். அதற்குத்தான் காத்திருந்தவள்போல லேப் பெண் எழுந்தாள். ஃபைலை மூடித் திறந்து மஞ்சள் பட்டைக்கு அனுமதி கொடுத்தாள். சாம்பல் பட்டனை அழுத்தினாள். கண் இமைப்பதற்குள் கட்டங்களெல்லாம் நிரம்பின.

“இதுக்கா நாள் பூரா கதவைச் சாத்தினீங்க?” என்றார் மேனேஜர்.

வேலையை விட்டுப் போன யாரோ எழுதிவைத்த பட்டன் அது. பெயர்களை முறைவைத்துச் சரியாகச் சுற்றிவிட்டிருந்தது.

“அண்ணே, கம்ப்யூட்டர் எனக்குப் பகல்தானே போட்டிருக்கு” என்றாள் லேப் பெண்.

அவர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தோம்.

சார்ட் போடும் வேலை அவள் கைக்குப் போனது. அவரை விசாரணை கவுன்டரில் உட்கார்த்தி, மற்றவர்களோடு அவர் பெயரையும் கட்டத்தில் சேர்த்தார்கள். அடுத்த வியாழக்கிழமை அவர் அவள் மேசை அருகில் வந்து நின்றார்.

“கண் ஆபரேஷன் பண்ணினதும்மா. ராத்திரியில லைட்டு கூசுது. பாத்துப் போடு தாயி.”

“நானா போடறேன்? கம்ப்யூட்டர் போடுதுண்ணே.”

அவர் எதிரிலேயே பட்டனை அழுத்தினாள். அவருக்குப் பகல் என்றுதான் வந்தது. அவர் மூச்சு விட்டார். அவள் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பகலை அழித்துவிட்டு ராத்திரி என்று அடித்து, பிரின்ட் கொடுத்தாள்.

வார்டு பாய் பசை தடவிக் கொண்டுபோய் ஒட்டினான்.