அக்கா வேண்டாமென்ற அப்டேட்

எனக்குச் சிவப்புப் புள்ளி ஆகவே ஆகாது. டேப்லெட் திரையில் செட்டிங்ஸ் படத்தின் மூலையில் அது உட்கார்ந்துகொண்டு, 'புதுசு வந்திருக்கிறது, இன்னும் போடவில்லையா' என்று கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அடுத்த அப்டேட்டில் என்னென்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்கிற வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்ப்பேன். வந்ததும் முதல் ஆளாகப் போடுவேன். சொன்னதில் பாதி வந்திருக்காது. உடனே கமெண்ட் பகுதிக்குப் போய்க் கண்டபடி திட்டுவேன். "அவன் இன்னாமோ உனக்குச் சீர் செய்யறேன்னு சொல்லி ஏமாத்துன மாரி பேசற" என்பார் என் கணவர்.

நான் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வீடு கள்ளக்குறிச்சியில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுவேன். மற்ற நாட்களில் மலையிலேயே வாடகை அறை. பள்ளிக்கூடத்தில் நெட் எடுக்காது. போனில் பேசவே மேட்டில் ஏறி நிற்கவேண்டும். அதனால் ஆசிரியர்களான எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. கீழே போகிறவர் எல்லாருடைய டேப்லெட்டையும் எடுத்துப்போய், பாடம், படக்கதை, அப்டேட் என்று வேண்டியதையெல்லாம் வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு வரவேண்டும். அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்ன, நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "இன்னா டீச்சர், கொழந்தைங்களுக்கு ஊசி போட இட்டுக்கினு போறீங்களா?" என்று கண்டக்டர் கேலி செய்வார்.

அந்தப் பையில் ஒன்று அக்காவுடையது. அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. எங்கள் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, எலவனாசூர்கோட்டைக்காரர், மலையில் என்னோடு ஒரே அறையில் தங்குபவர். நான் இங்கே வேலைக்கு வந்த புதிதில், வீட்டை நினைத்து அழுதுகொண்டு கிடந்தபோது, ரசம் வைத்துத் தட்டில் சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவர். அவருக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஏறக்குறைய கேட்காமலே போய்விட்டது. காதில் மெஷின் உண்டு. அது எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கி இரைச்சலாகக் கொடுக்கும். ஒருவர் எதிரில் நின்று மெதுவாகப் பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பெரியவர்களிடம் அப்படிச் சமாளித்தார். ஆனால் ஒரு வகுப்புப் பிள்ளைகளை என்ன செய்வது? எழுதிக் காட்டு என்று அவர்களிடம் சொல்லவும் முடியாது. எழுதக் கற்றுக்கொள்ளத்தானே அவர்கள் வருகிறார்கள்.

அவரைக் காப்பாற்றியது அவருடைய டேப்லெட்டில் இருந்த ஒரு பழைய ஆப். பேசினால் தமிழில் எழுத்தாகத் திரையில் ஓடும். அதைவிட முக்கியம், நெட் இல்லாமலே ஓடும். மேசைமேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருப்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அதன் முன்னால் நின்று பேசுவார்கள். மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னால்தான் அது சரியாக எழுதும் என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். "எங்க வூட்டு ஆடு குட்டி போட்டுச்சு" என்று ஒருத்தி சொன்னாள். அது எழுத்தாக வந்ததும், தன் வாயிலிருந்து போனதுதானா என்று திரையைத் தொட்டுப் பார்த்தாள். பேசுவதைத்தான் எழுதுகிறோம் என்பது அந்த வகுப்புக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

டேப்லெட்டை என்னிடம் கொடுக்கும்போதெல்லாம் அக்கா ஒன்றையே சொல்வார். "படக்கதை மட்டும் எறக்கிக் குடும்மா. என்னுதுக்கு அப்டேட் மட்டும் போட்டுடாத. ஓடிக்கினு இருக்கறது ஓடட்டும்." நான் தலையை ஆட்டுவேன்.

இந்த வருடம் பள்ளி திறந்த சமயத்தில், பெரிய அப்டேட் ஒன்று வரப்போவதாக ஒரே பேச்சு. பேசினால் டேப்லெட் தானே எழுதும், எல்லா மொழியிலும் எழுதும், நெட்டே வேண்டாம் என்று நான் பார்க்கிற வீடியோக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அக்காவிடம் போய் அபிநயம் பிடித்துச் சொன்னேன். "வரட்டும்மா. நாலு பேர் போட்டுப் பாக்கட்டும். அப்பறம் நம்ம பாத்துக்கலாம்" என்றார். நியாயமான பேச்சு. பொறுமை இல்லாதவள் நான்தான்.

அப்டேட் வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். நான் கூடத்தில் டேப்லெட்டுகளைப் பரப்பி ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தேன். அக்காவுடையது மட்டும் சிவப்புப் புள்ளியோடு கிடந்தது. அதன் பூட்டு எண் எனக்குத் தெரியும். படக்கதை இறக்குவதற்காக அவரே சொன்னது. திங்கட்கிழமை காலையில் அவர் அதைத் திறப்பதுபோலவும், எழுத்து முன்னைவிட வேகமாக ஓடுவதுபோலவும், "நீ சொன்னது சரிதாம்மா" என்று என் கன்னத்தைக் கிள்ளுவதுபோலவும் நினைத்துப் பார்த்தேன். அந்த ஒரு சொல்லுக்கு ஆசைப்பட்டேன். அவருக்கு நல்லது செய்யப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் அந்தப் புள்ளியைப் பார்க்கப் பார்க்க அரித்ததும் உண்மை, நான் சொன்னதுதான் சரி என்று காட்டவேண்டும் என்கிற திமிர் இருந்ததும் உண்மை. அழுத்திவிட்டேன்.

டேப்லெட் அணைந்து மறுபடி ஒளிர்ந்தது. அக்காவின் ஆப்பைத் தொட்டேன். இந்தப் புதிய பதிப்பில் இது இயங்காது என்று ஒரு வரி வந்தது. சரி, அதான் புதியது வந்திருக்கிறதே என்று மொழிப் பட்டியலைத் திறந்தேன். எங்கெங்கோ இருக்கிற மொழிகளெல்லாம் இருந்தன. தமிழ் கடைசியில், வெளிறிய எழுத்தில். பக்கத்தில் 'விரைவில் வரும்' என்று போட்டிருந்தது.

அப்படியே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினேன். தெரிந்த செல்போன் கடைக்காரர் ஏதேதோ செய்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த மாடல் மேல ஏறிட்டா கீழ எறங்காதுங்க மேடம். அந்த ஆப்பையும் எடுத்துட்டானுங்க. எங்க தேடுனாலும் கெடைக்காது." நெட் இருந்தால் எழுதுகிற ஆப் வேறு உண்டு என்றார். நெட்டுக்கு எங்கே போவது?

மறுநாள் மலை ஏறும்போது, எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மன்னிச்சிடுங்கக்கா என்று ஆரம்பிப்பதா, நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ஆரம்பிப்பதா என்பதுதான் குழப்பம். சொல்லிவிடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் அக்கா டேப்லெட்டோடு என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "இன்னாம்மா இது, தெறக்கவே மாட்டேங்குது. நீ எதனா போட்டியா?"

கேட்டுவிட்டு என் வாயைப் பார்த்தார். அவர் எல்லோரிடமும் அப்படித்தான் பார்ப்பார், பதில் அங்கிருந்துதானே வரவேண்டும். ஒத்திகை பார்த்தது எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "இல்லக்கா. அதுவே போட்டுக்கினு இருக்கும். இப்பல்லாம் தானாவே போட்டுக்குது" என்றேன். அவருக்கு நன்றாகப் புரியவேண்டும் என்று மெதுவாக, வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

மதியச் சாப்பாட்டின்போது எல்லோரும் சேர்ந்து கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்கள். "நம்ம பொருளு. நம்மளக் கேக்காம எப்படிப் போடலாம்?" என்று அக்கா குழந்தைபோல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டார். "அவனுங்க எங்கக்கா கேக்கறானுங்க, திமிரு புடிச்சவனுங்க" என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னவள் நான். தட்டைக் கழுவும்வரை திட்டுவதை நிறுத்தவில்லை.

ஆப் இல்லாமல் அக்கா வாயைப் பார்த்தே வகுப்பை ஓட்டப் பார்த்தார். ஒரு நாள் ஒரு சின்னப் பெண் வயிறு வலிக்கிறது என்று அவர் முதுகுப் பக்கம் நின்று சொல்லியிருக்கிறாள். இன்னொரு முறை வந்து முனகியிருக்கிறாள். அவள் வேறு ஏதோ சொல்கிறாள் என்று எண்ணி அக்கா சிரித்துத் தட்டிக்கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டார். அவள் அங்கேயே வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். பயப்படும்படி ஒன்றும் ஆகவில்லை, சாயங்காலமே எழுந்து ஓடினாள். ஆனால் அக்கா அன்றைக்கு அறையில் சாப்பிடவில்லை. "அது எங்கிட்ட சொல்லியிருக்குது பாரேன். எங்கிட்ட வந்து சொல்லியிருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தட்டை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மனசு வராமல்தான் சொன்னார். "அடுத்த அப்டேட்டுல தமிழ் வருதாமே டீச்சர்? அது வர்ற வரைக்கும் நீங்க ஆபீஸ் வேலையப் பாருங்க. ஒண்ணாங் கிளாஸையும் அவங்க சேத்துப் பாத்துக்கட்டும்." அவங்க என்றது என்னை. அக்கா சாக்பீஸ் டப்பாவை என் கையில் கொடுத்தார். "வந்ததும் என் கிளாஸ எனக்குக் குடுத்துடணும், ஆமா" என்று விரலை ஆட்டிச் சிரித்தார்.

ஒரு அப்டேட்டுக்காக நான் அப்படிக் காத்திருந்ததே இல்லை. ஆயுத பூஜைக்குள் வரும் என்றார்கள். பிறகு தீபாவளி என்றார்கள். தீபாவளியும் போனது. கம்பெனியின் பக்கத்தில் போய், காது கேட்காத ஓர் ஆசிரியைக்காகக் கேட்கிறேன் என்று எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. திரும்பவும் எழுதினேன், அதே நன்றி திரும்பவும் வந்தது. மற்றவர்கள் கமெண்டில் திட்டுவதைப் படித்தால் எனக்கு எரிச்சல் வந்தது. கேமரா சரியில்லை, சார்ஜ் நிற்கவில்லை, ஐகான் அழகாக இல்லை. போன வருடம் நானும் இதற்கெல்லாம்தான் குதித்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக அப்டேட் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை அக்கா தானும் வருவதாகக் கிளம்பிவிட்டார். "தானா போட்டுக்கிற சனியன். பக்கத்துல ஆளு இருந்தாத்தான் அடங்கும்" என்றார். கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக் கூடத்தில், போன முறை நான் உட்கார்ந்திருந்த அதே பாயில், அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். டேப்லெட்டை என் மடியில் வைத்தார். "நீயே அழுத்தும்மா. எனக்கு இதெல்லாம் பயம். உன்ன மாரி பாத்துப் பாத்துச் செய்ய யாரு இருக்கா?"

அழுத்தினேன். கோடு மெதுவாக நிறைந்தது. அணைந்து எரிந்தது. புதுப் புதுப் படங்கள், புது மணியோசை. அந்த ஓசை அக்காவுக்குக் கேட்கவில்லை. மொழிப் பட்டியலில் தமிழ் அதே வெளிறிய எழுத்தில், அதே இரண்டு சொற்களோடு கிடந்தது. அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "விரைவில்னா எப்பம்மா?" என்று கேட்டார். நான் கையை விரித்தேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ் வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறியது. எனக்கு ஜன்னலோரம். இனி முடியாது என்று தோன்றியது. வெளியே பார்த்தபடியே சொன்னேன். "அக்கா, அது தானா போட்டுக்கல. நான்தான் போட்டேன். நீங்க வேணாம்னு சொல்லியும் போட்டேன்."

முகத்தைக் காட்டாமல் சொன்னால் அவருக்கு விளங்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். பேசினதை எழுதிக் காட்ட அவரிடம் ஒன்று இருந்தது, அதையும் கெடுத்தவள் நான்தான்.

என் தாடை அசைந்ததை அவர் பார்த்திருக்கவேண்டும். தோளைத் தொட்டார். "இன்னா சொன்ன?" பஸ்ஸில் வாயைப் பார்க்க முடியாதபோது நாங்கள் செய்வதுபோல, எழுதிக் காட்டு என்று உள்ளங்கையை என் முன்னால் விரித்தார். நான் விரலால் அதில் எழுதினேன். மழை வருமா.

அக்கா குனிந்து வானத்தைப் பார்த்தார். "வெயிலு இப்படிக் காயுது, மழை எங்கேந்து வரும்?" என்று சிரித்தார். பிறகு என் கையைத் தட்டி, "என்னை நெனச்சி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத. உன் மேல இன்னா தப்பு?" என்றார். கரியாலூர் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

பள்ளிக்குப் போனதும் அக்கா ஆபீஸ் அறைக்குப் போனார். நான் ஒன்றாம் வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு மயங்கி விழுந்த அந்தச் சின்னப் பெண் எழுந்து என் மேசைக்கு வந்தாள். அந்தப் பிள்ளைகள் இன்னும் பழைய பழக்கத்தை விடவில்லை. நேராக முகத்துக்கு எதிரில் நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார்கள். காது நன்றாகக் கேட்கிற என்னிடமும் அப்படித்தான் பேசுவார்கள்.

"டீச்சர். பெரிய டீச்சர். எப்ப. வருவாங்க?"

"சீக்கிரம் வருவாங்கம்மா" என்றேன்.